என்ர லப்டொப்பில ஓடுது, அக்காவின்ரயில ஓடேல்லை

இந்த வார எபிசோடில் கமாண்ட்-லைன் ஸ்கிரிப்டுகளைப் பற்றிக் கதைத்தோம். நேரம் போதாமல் பாதியில் விட்ட பாடம் இது. எபிசோடைக் கேட்காதவர்களும் தாராளமாக வாசிக்கலாம். கொஞ்சம் பைத்தான் எழுதியிருந்தால் போதும்.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் எபிசோடில் வாயால் வாசித்தது போலவே இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

சரி, கதைக்கு வருவம்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிப்பிக்கிற ஒரு அக்காவை எனக்குத் தெரியும். ஒவ்வொரு வெள்ளி இரவும் பிள்ளைகளுக்குச் சொல் அட்டைகள் செய்வார். ஒரு பக்கம் தமிழ்ச் சொல், மறுபக்கம் அர்த்தம். வேர்டில் ஒவ்வொரு பெட்டியாக அடித்து, அச்சடித்து, வெட்டி முடிய இரவு பதினொரு மணியாகிவிடும். அவருக்காக நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். சொற்கள் உள்ள டெக்ஸ்ட் ஃபைலைக் கொடுத்தால், அச்சடிக்கத் தயாராக ஒரு வெப் பக்கத்தை உருவாக்கித் தரும். பெயர் 'சொல்லட்டை'. மொத்தம் எண்பது வரிதான். என்னுடைய மேக்கில் அருமையாக ஓடியது. ஈமெயிலில் அனுப்பிவிட்டு, பெரிய உதவி செய்துவிட்டேன் என்ற நினைப்பில் இருந்தேன்.

வெள்ளி இரவு போன் வந்தது.

"தம்பி, நீ அனுப்பினதை அமத்தினா 'எதாலை திறக்கிறது' எண்டு கேக்குது. நான் நோட்பாடைக் குடுத்தன். உள்ளுக்கை ஏதோ இங்கிலிஷில எழுதியிருக்கு."

"அக்கா, அப்பிடித் திறக்கக் கூடாது. டெர்மினலில அதின்ர பேரை அடியுங்கோ."

அடித்தார். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று விண்டோஸ் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னைச் சுட்டது: "பரவாயில்லை தம்பி. எனக்கு உந்தக் கொம்பியூட்டர் விசயமெல்லாம் சரிவராது. நான் பழையபடி வேர்டிலயே செய்யிறன்."

அவருக்குச் சரிவராதது ஒன்றுமில்லை. பிழை முழுக்க என்னுடையது. எழுதியவரின் கவனக்குறைவைப் பாவிப்பவர் தன் மொக்குத்தனம் என்று நினைத்துக்கொள்கிறார். இந்தப் பாடத்தை எழுதுவதற்கே காரணம் அதுதான்.

முதல் இரண்டு குறிகள்

என் ஸ்கிரிப்டின் முதல் வரி இப்படி இருந்தது:

#!/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பைத்தான்3

தொடக்கத்தில் இருக்கும் அந்த ஹாஷும் ஆச்சரியக்குறியும் சேர்ந்ததைத்தான் 'ஷிபாங்' என்கிறோம். பைத்தானுக்கு இது வெறும் கமெண்ட். ஆனால் மேக், லினக்ஸ் இரண்டிலும் கெர்னலுக்கு இது ஒரு கட்டளை. ஒரு ஃபைலை ஓடச் சொன்னதும் கெர்னல் அதன் முதல் இரண்டு பைட்டைப் பார்க்கும். அவை 35, 33 என்ற எண்களாக இருந்தால் (அவைதான் ஹாஷும் ஆச்சரியக்குறியும்), "சரி, இது நேரடியாக ஓடுகிற புரோகிராம் இல்லை. இந்த வரியில் சொல்லியிருக்கிற ஆளைக் கூப்பிட்டு, ஃபைலை அவர் கையில் கொடுக்க வேணும்" என்று புரிந்துகொள்ளும். 1980 ஜனவரியில், பெல் ஆய்வகத்தில் டெனிஸ் ரிச்சி இந்த வசதியை யுனிக்ஸ் கெர்னலுக்குள் கொண்டுவந்தார். நாற்பது வருடத்துக்கு மேலாக அதே இரண்டு பைட்தான்.

நடுவில் ஏன் 'என்வ்'? பைத்தான் எல்லா இடத்திலும் ஒரே முகவரியில் குடியிருப்பதில்லை. ஹோம்ப்ரூ அதை புதிய ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் ஒரு ஃபோல்டரிலும், பழைய இன்டெல் மேக்கில் இன்னொரு ஃபோல்டரிலும் வைக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் வேறிடம். நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸில் வழக்கமான இடங்களில் 'எஸ்ஹெச்'சும் 'என்வ்'வும் தவிர வேறொன்றுமே இருக்காது. 'என்வ்' என்பது, "பாத் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை வரிசையாகப் பார், முதலில் அகப்படுகிற பைத்தான்3-ஐக் கூப்பிடு" என்று சொல்வதற்கான வழி. கடைசியில் இருக்கும் 3 முக்கியம். 2022இல் வந்த மேக்ஓஎஸ் 12.3 பழைய பைத்தான் 2.7-ஐத் தூக்கிவிட்டது. 3 இல்லாமல் வெறும் 'பைத்தான்' என்று எழுதியிருந்த பல ஸ்கிரிப்டுகள் அன்றோடு நின்றுபோயின.

மூன்று கணினி, மூன்று தோல்வி

ஒன்று: அக்காவின் விண்டோஸ். விண்டோஸுக்கு ஷிபாங் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு ஃபைல் ஓடக்கூடியதா என்பதை அது பெயரின் வாலைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். டாட் எக்ஸ்இ, டாட் பேட், டாட் சிஎம்டி போன்ற வால்களின் பட்டியல் ஒன்று அதனிடம் இருக்கிறது. என் ஃபைலுக்கு வாலே இல்லை. அதனால்தான் "எதாலை திறக்கிறது" என்ற கேள்வி. 'பிஒய்' என்று ஒரு லாஞ்சர் பைத்தான் 3.3இலிருந்து விண்டோஸுக்கு வருகிறது, உண்மைதான். அது ஷிபாங்கை வாசிக்கும். ஆனால் அப்படி வாசிப்பது அந்த லாஞ்சர், விண்டோஸ் இல்லை. முதலில் யாராவது அந்த லாஞ்சரைக் கூப்பிட வேண்டும்.

இரண்டு: அக்காவின் மகனுடைய உபுண்டு. "அம்மா, நான் பாக்கிறன்" என்று அவன் இறங்கினான். விண்டோஸ் மெஷினில் கிட் மூலம் என் கோடை இறக்கி, யுஎஸ்பியில் தன் உபுண்டு லப்டொப்புக்கு மாற்றினான். அங்கே வந்த பிழைச் செய்தி: 'பைத்தான்3\ஆர்' என்று ஒரு ஃபைல் இல்லை. அந்த ஆர் எங்கிருந்து வந்தது?

பழைய டெலிடைப் மெஷினில் ஒரு வரி முடிந்தால் இரண்டு வேலை நடக்க வேண்டும். அச்சுத்தலை இடது பக்கம் திரும்ப வேண்டும், தாள் ஒரு வரி மேலே போக வேண்டும். இரண்டுக்கும் இரண்டு குறிகள்: 13, 10. யுனிக்ஸ் 10 மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டது. டாஸும் அதன் வழிவந்த விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன. விண்டோஸுக்கான கிட்டை வழக்கமான செட்டிங்கில் நிறுவினால், கோடை இறக்கும்போது ஒவ்வொரு வரி முடிவிலும் அந்த 13-ஐச் சேர்த்துவிடும். உபுண்டு கெர்னலுக்கு 13 வரி முடிவு இல்லை, பெயரின் ஒரு பகுதி. ஆகவே 'பைத்தான்3'க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டது. ஸ்கிரீனில் பார்த்தால் வரி சரியாகத்தான் இருக்கும். இதில் மணிக்கணக்காக மண்டையை உடைத்தவர்கள் நிறையப் பேர்.

மூன்று: என்னுடைய மேக். ஆம், என்னுடையதே! எல்லாவற்றையும் ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள் நிறுவி வைத்திருந்தேன். வீட்டைச் சுத்தம் செய்வது போல ஃபோல்டரின் பெயரை மாற்றினேன். உடனே 'பேட் இன்டர்பிரட்டர்' என்று பிழை. ஏனென்றால், நிறுவும்போது ஷிபாங் வரியில் அந்த என்விரான்மென்டின் பைத்தானுக்கு முழு முகவரியும் எழுதப்படுகிறது. வீட்டு இலக்கத்தை மாற்றினேன், கடிதத்தில் இருந்த முகவரி பழையது. இதற்கு வழி, என்விரான்மென்டை நகர்த்தாமல், அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவதுதான்.

எழுதுகிற ஸ்கிரிப்ட் வேறு, நிறுவிய ஸ்கிரிப்ட் வேறு

மூன்றாவது தோல்வியைப் பார்த்து, "அப்படியானால் முழு முகவரிக்குப் பதிலாக 'என்வ்' வரியையே வைத்திருக்கலாமே" என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அது தப்பு.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போது 'என்வ்' சரி. எந்தப் பைத்தானில் ஓட்டுகிறேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நிறுவி முடிந்த ஒரு கருவிக்கு அதன் லைப்ரரிகள் குறிப்பிட்ட ஒரு பைத்தானோடுதான் இருக்கும். நாளைக்குப் பாத் பட்டியலில் வேறொரு பைத்தான் முன்னுக்கு வந்தால், 'என்வ்' அதைத்தான் பிடிக்கும். அதில் லைப்ரரி இருக்காது. நேற்று ஓடிய கருவி இன்று காரணமில்லாமல் விழும். டெபியனின் பைத்தான் விதிகள்கூட, டெபியன் பேக்கேஜாக வரும் ஸ்கிரிப்டுகள் 'என்வ்' வழியாகப் போகாமல் சிஸ்டத்தின் பைத்தான்3-ஐ நேராகக் குறிப்பிடுவதையே விரும்புகின்றன.

ஆக, நிறுவிய ஸ்கிரிப்டில் முழு முகவரி இருக்க வேண்டும். அந்த முகவரியோ ஒவ்வொரு கணினியிலும் வேறு. விண்டோஸில் முகவரி மட்டும் போதாது, ஒரு எக்ஸ்இ வேண்டும். எழுதுகிற எனக்கு இதில் எதுவும் முன்கூட்டியே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள், அந்தக் கணினியில், அந்த நேரத்தில் நிறுவுகிற இன்ஸ்டாலர்தான்.

இந்தப் பாடத்தின் சாரம் ஒரே வரி: தொடக்கி ஃபைலை நீங்கள் எழுதாதீர்கள், இன்ஸ்டாலர் எழுதட்டும். "இந்தப் பெயரை அடித்தால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு" என்று மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.

செய்வது எப்படி?

முதலில், ஸ்கிரிப்டை ஒரு ஃபோல்டருக்குள் போட்டேன். ஃபோல்டரின் பெயர் சொல்லட்டை. உள்ளே சிஎல்ஐ டாட் பிஒய். எண்பது வரியில் ஓட்டத்தைத் தொடங்குகிற பகுதியை 'மெயின்' என்ற ஃபங்ஷனுக்குள் வைத்தேன்.

அடுத்து, பைப்ராஜெக்ட் டாட் டாம்ல் ஃபைலில் பெயர், வெர்ஷன் எல்லாம் எழுதிய பிறகு இரண்டு வரி:

[ப்ராஜெக்ட்.ஸ்கிரிப்ட்ஸ்]
சொல்லட்டை = "சொல்லட்டை.சிஎல்ஐ:மெயின்"

இடது பக்கம் பாவிப்பவர் அடிக்கப்போகும் கட்டளை. வலது பக்கம், எந்த மாட்யூலில் எந்த ஃபங்ஷன் என்பது. ஷிபாங் இல்லை, வால் இல்லை, முகவரி இல்லை.

பிறகு 'பில்ட்' கருவியால் ஒரு வீல் ஃபைல் செய்தேன். அதன் பெயரின் கடைசியில் 'நன்-எனி' என்று இருக்கும். எந்த ஓஎஸ்ஸுக்கும் பொருந்தும் என்று அர்த்தம். அந்த வீலைத் திறந்து பாருங்கள், அதுவும் வெறும் ஸிப்தான். உள்ளே தொடக்கி ஃபைல் எதுவும் இருக்காது. மேலே நாம் எழுதிய அந்த உறவு மட்டும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் குறித்திருக்கும்.

மீதி வேலை பிப் நிறுவும்போது நடக்கும். மேக்கிலும் லினக்ஸிலும் சரியான முகவரியோடு ஒரு குட்டி ஸ்கிரிப்டை எழுதி, ஓடுவதற்கான அனுமதியையும் வைக்கும். வரி முடிவும் அந்தக் கணினிக்கு ஏற்றதாகவே இருக்கும், ஆகவே 13 பிரச்சினை அங்கே வராது. விண்டோஸில் சொல்லட்டை டாட் எக்ஸ்இ ஒன்றை உருவாக்கும். அந்த எக்ஸ்இக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? முன்னுக்கு, ஏற்கனவே கம்பைல் செய்து வைத்த ஒரு பொது லாஞ்சர். அதன் வாலில் ஒரு ஷிபாங் வரி. அதற்கும் பின்னால், உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும் சில வரிகள் உள்ள ஒரு குட்டி ஸிப். லாஞ்சர் தன் வாலைத் தானே வாசித்து, எந்தப் பைத்தானைக் கூப்பிடுவது என்று தெரிந்துகொள்ளும். விண்டோஸுக்கு ஷிபாங் தெரியாது என்று சொன்னேன் அல்லவா, அதையே ஒரு எக்ஸ்இக்குள் ஒளித்துக் கொடுக்கிறார்கள்.

முகவரி அளவுக்கு மீறி நீண்டாலும், நடுவில் இடைவெளி இருந்தாலும் பிப் பார்த்துக்கொள்ளும். லினக்ஸ் கெர்னல் முன்பு அந்த முதல் வரிக்கு 128 பைட்தான் இடம் வைத்திருந்தது, 2019இல் வந்த 5.1இலிருந்து 256. அப்படியான சமயங்களில் பிப் சாதாரண ஷெல் வழியாகச் சுற்றிப் போகும் ஒரு வரியை எழுதிவிடும். இதையெல்லாம் நாமே யோசித்து எழுதியிருப்போமா? நான் எழுதியிருக்க மாட்டேன்.

பாவிப்பவர்களுக்கு 'பிப்எக்ஸ்' வழியாக நிறுவச் சொல்லுங்கள். அது ஒவ்வொரு கருவிக்கும் தனி என்விரான்மென்ட் செய்து, கட்டளைகளை ஒரே ஃபோல்டரில் வைக்கும். 'பிப்எக்ஸ் என்ஷுர்பாத்' என்று ஒருமுறை அடித்தால் அந்த ஃபோல்டரைப் பாத்தில் சேர்த்தும் விடும். அதற்குப் பிறகு டெர்மினலை மூடித் திறக்க மறக்க வேண்டாம்.

ஒரு சின்னப் பொறி: 'மெயின்' என்ன திருப்பித் தருகிறதோ அதுவே புரோகிராமின் முடிவு எண்ணாகப் போகும். எல்லாம் சரி என்றால் 0 தாருங்கள், அல்லது ஒன்றும் தராதீர்கள். வெற்றி என்று நினைத்து 'ட்ரூ' தந்தால் அது 1 ஆகிவிடும். வெளியில் இருப்பவர்களுக்கு 1 என்றால் தோல்வி.

இன்ஸ்டாலரால் முடியாதவை

அக்காவின் கணினியில் இப்போது கட்டளை தொடங்கியது. சந்தோசம் மூன்று செகண்ட்தான். 141ஆம் எண் பைட்டை வாசிக்க முடியவில்லை என்று சொல்லி விழுந்தது.

இதைக் கேளுங்கள், இது நம்ம ஆட்களுக்கே உரிய பிரச்சினை. சொற்கள் இருந்த ஃபைல் யுடிஎஃப்-8இல் இருந்தது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். மெய்யெழுத்தின் மேல் வைக்கிற புள்ளியும் மூன்று பைட், அதில் கடைசி பைட் 141. என் கோடு ஃபைலைத் திறக்கும்போது எந்த என்கோடிங் என்று சொல்லவில்லை. மேக்கில் பைத்தான் யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொண்டது. அக்காவின் விண்டோஸில் பழைய விண்டோஸ்-1252 என்று எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் 141 என்ற இடம் வெறுமை! புள்ளி வராத 'பல' என்ற சொல் வந்திருந்தால் விழாமல், குப்பை எழுத்துகளாக மாறியிருக்கும். 'அம்மா'வில் 'ம்' வந்தவுடனேயே முடிந்தது கதை. ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துச் சோதிக்கிற ஒருவருக்கு இந்தப் பிழை ஒருநாளும் தெரியவராது.

திருத்தம்: ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். வாசிக்கும்போதும், எழுதும்போதும். பைத்தான் 3.15இலிருந்து அதுவே எங்கும் இயல்பாகும் என்று முடிவாகியிருக்கிறது. ஆனால் பழைய வெர்ஷன்கள் இன்னும் பல வருடம் எங்கள் சொந்தக்காரர்களின் கணினிகளில் இருக்கத்தான் போகின்றன.

இன்னும் மூன்று இடங்களைத் திருத்தினேன்.

பக்கத்தைத் திறந்து காட்ட மேக்கின் 'ஓப்பன்' கட்டளையைக் கூப்பிட்டிருந்தேன். விண்டோஸிலும் லினக்ஸிலும் அந்த வேலைக்கு வேறு வேறு கட்டளைகள். பைத்தானோடு வரும் 'வெப்பிரவுசர்' மாட்யூல் மூன்றிலும் சரியானதைத் தேடிக்கொள்ளும்.

ஃபோல்டர் பெயர்களைச் சாய்கோடு வைத்து ஒட்டியிருந்தேன். அதை 'பாத்லிப்' மூலம் செய்தேன். வீட்டு ஃபோல்டரையும் அதனிடமே கேட்கலாம்.

அட்டையின் டிசைன் ஃபைலை "இப்போது நிற்கிற ஃபோல்டரில்" தேடியிருந்தேன். நிறுவிய பிறகு பாவிப்பவர் எந்த ஃபோல்டரில் நின்று கூப்பிடுவார் என்று தெரியாது. டிசைனையும் வீலுக்குள் வைத்து, 'இம்போர்ட்லிப் டாட் ரிசோர்ஸஸ்' மூலம் எடுத்தேன்.

பைத்தான் இல்லையென்றால்?

நோட் ஜேஎஸ் எழுதுகிறவர்களுக்கும் இதே யோசனைதான். பேக்கேஜ் டாட் ஜேசனில் 'பின்' என்ற பகுதியில் பெயரையும் ஃபைலையும் எழுதுங்கள். மேக்கிலும் லினக்ஸிலும் என்பிஎம் ஒரு சிம்லிங்க் போடும். விண்டோஸில் சிஎம்டிக்கு ஒன்று, பவர்ஷெல்லுக்கு ஒன்று, ஷெல்லுக்கு ஒன்று என மூன்று குட்டி ஃபைல் எழுதும். ஆனால் இங்கே உங்கள் ஃபைலின் முதல் வரியில் 'என்வ் நோட்' ஷிபாங் கட்டாயம் இருக்க வேண்டும்.

பாஷ் ஸ்கிரிப்ட் மட்டும்தான் என்றால் கவனம். மேக்கோடு வரும் பாஷ் இன்னும் 3.2, அது 2006இல் வந்தது. உபுண்டுவில் 'எஸ்ஹெச்' என்பது பாஷ் இல்லை, டாஷ். பாஷ் ஃபைல்களுக்கு இன்ஸ்டாலரும் இல்லை. அதனால் கிட்அட்ரிபியூட்ஸ் ஃபைலில் '*.எஸ்ஹெச் டெக்ஸ்ட் இஓஎல்=எல்எஃப்' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். விண்டோஸில் இறக்கினாலும் 13 ஒட்டிக்கொள்ளாது.

இந்த வார வீட்டுவேலை

உங்களிடம் நிச்சயம் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும், உங்கள் லப்டொப்பில் மட்டும் ஓடுகிறது. அதை எடுங்கள்.

1. வேலையை 'மெயின்' ஃபங்ஷனுக்குள் போடுங்கள்.
2. ப்ராஜெக்ட்.ஸ்கிரிப்ட்ஸில் ஒரு வரி எழுதுங்கள்.
3. ஃபைல் திறக்கும் இடமெல்லாம் யுடிஎஃப்-8 என்று சொல்லுங்கள்.
4. புதிய என்விரான்மென்ட் ஒன்றில் வீலை நிறுவி, வேறொரு ஃபோல்டரில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள்.
5. கிட்ஹப் ஆக்ஷன்ஸில் உபுண்டு, விண்டோஸ், மேக்ஓஎஸ் மூன்றிலும் ஓட விடுங்கள். சோதனைத் தரவில் 'அம்மா' என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும்.

அக்காவுக்கு என்ன நடந்தது? அடுத்த வெள்ளிக்கிழமை மகன் பிப்எக்ஸைப் போட்டுக் கொடுத்தான். நான் போனில் இருந்தேன். அவர் பெயரை அடித்தார், என்டரைத் தட்டினார், பிரவுசரில் அட்டைகள் வரிசையாக வந்தன. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு:

"தம்பி, 'ழ' வாற சொல்லுகளை மட்டும் தனியா எடுக்கேலுமோ? பிள்ளையள் அதிலதான் கஷ்டப்படுதுகள்."

"சரிவராது" என்று சொன்ன அதே அக்கா, இப்போது அடுத்த வசதி கேட்கிறார். அதை எழுதத் தொடங்கிவிட்டேன்.

உங்கள் ஸ்கிரிப்ட் எங்கே விழுந்தது, எப்படி எழுப்பினீர்கள் என்று இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். நல்லவற்றை அடுத்த எபிசோடில் வாசிப்போம். தமிழிலோ, தமிங்கிலத்திலோ, எப்படியும் எழுதலாம். அடுத்த வாரம் சந்திப்பம்!